அரை மணி நேரம் யாருடையது?

பொழுது விடியும் முன்பே, கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பக்கத்து ஊர்களில் பெண்கள் சாலையில் இறங்கிவிடுகிறார்கள். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, வேலந்தாவளம் என்று தமிழ் புழங்கும் இந்த வட்டாரம் பாலுக்குப் பேர்போனது. கறந்த பாலைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு சொசைட்டிக்கு நடக்கும் பெண்ணை யாரும் நிறுத்திக் கேட்பதில்லை. அதே பெண் அதே நேரத்தில் அதே சாலையில் வாளி இல்லாமல், காலில் ஷூ மாட்டிக்கொண்டு, கைவீசி நடந்தால் மட்டும் திண்ணையிலிருந்து குரல் வரும்: “எங்க அம்மிணி, இந்நேரத்துல?” வேலைக்காக நடந்தால் கேள்வி இல்லை, தனக்காக நடந்தால் கேள்வி உண்டு. உடற்பயிற்சி மனதுக்கு நல்லது என்பதைச் சுகாதார மையத்துச் சுவரொட்டியே சொல்லிவிடுகிறது. அதைத் திரும்பச் சொல்ல ஒரு அத்தியாயம் தேவையில்லை. எந்த மாதிரி அசைவு, எவ்வளவு, எந்தச் சூழ்நிலையில் செய்தால் பதினாறிலிருந்து முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண்ணின் மனதைத் தொடுகிறது என்பதுதான் இங்கே பார்க்க வேண்டியது. நாள் முழுக்க உடம்பால் உழைக்கும் பெண்ணுக்கு அந்தப் பலன் ஏன் தானாக வந்து சேர்வதில்லை என்பதும் அதோடு சேர்ந்த கேள்வி.

முதலில் ஆதாரம். பல நாடுகளில் ஆண்டுக்கணக்கில் மக்களைப் பின்தொடர்ந்து நடத்திய 15 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கு ஒன்று 2022-இல் ‘ஜாமா சைக்கியாட்ரி’ இதழில் வெளிவந்தது. 1,90,000-க்கும் மேற்பட்டவர்கள் அதில் அடக்கம். வாரத்துக்கு மொத்தம் ஒன்றேகால் மணி நேரம் வேகமாக நடப்பதற்குச் சமமாக உடம்பை அசைத்தவர்களுக்கு, அசைக்காதவர்களைவிட மனச்சோர்வு வரும் வாய்ப்பு 18 சதவீதம் குறைவாக இருந்தது. அதை இரண்டரை மணி நேரமாக்கினால் 25 சதவீதம். அதற்கு மேல் கூட்டிக்கொண்டே போனாலும் பெரிதாக எதுவும் கூடவில்லை. இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. பலனில் பெரும்பங்கு முதல் பாதியிலேயே கிடைத்துவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் பெரியவர்களுக்குச் சொன்ன அளவு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம். அதைக் கேட்டு மலைத்துப்போய் ஒன்றுமே செய்யாமல் விடுகிறவர்கள் இதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு நாளைக்குப் பதினோரு நிமிடம் என்பது வெறும் கண்துடைப்பு இல்லை.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபணை எழும். மனசு நன்றாக இருப்பவர்கள்தானே எழுந்து நடக்கப் போகிறார்கள், சோர்ந்து கிடப்பவர்களால் கட்டிலைவிட்டே எழ முடிவதில்லையே, அப்படியானால் எது காரணம், எது விளைவு? ஆராய்ச்சியாளர்களும் இதே சந்தேகத்தில்தான் நெடுங்காலம் இருந்தார்கள். அதற்கு இரண்டு வழிகளில் விடை தேடினார்கள். ஒன்று, மனச்சோர்வு உள்ளவர்களையே சீட்டுப் போடுவதுபோலப் பிரித்து ஒரு பகுதியினரை மட்டும் பயிற்சி செய்ய வைப்பது. 1999-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 156 பேரை இப்படி மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு மாத்திரை, ஒரு பகுதிக்குப் பயிற்சி, மூன்றாம் பகுதிக்கு இரண்டும். பதினாறு வாரம் கழித்து மூன்று பகுதிகளும் ஏறத்தாழ ஒரே அளவில் தேறியிருந்தன. அதில் சேர்ந்தவர்கள் எல்லாரும் ஐம்பது தாண்டியவர்கள் என்பதால் இளம்பெண்களுக்கு இது பொருந்துமா என்று கேட்கலாம். 2024-இல் ‘பிஎம்ஜே’ இதழ் வெளியிட்ட தொகுப்பில் இதே மாதிரியான 218 சோதனைகள் இருந்தன, 14,170 பேர் பங்கெடுத்திருந்தார்கள். நடை, ஓட்டம், யோகா, எடைப் பயிற்சி எல்லாமே மனச்சோர்வைத் தணித்தன. இளவயதினருக்கும் பெண்களுக்கும் தசையை வலுவாக்கும் பயிற்சி நன்றாகவே கைகொடுத்தது. இரண்டாவது வழி மரபணு வழி. 2019-இல் வந்த ஓர் ஆய்வு, இயல்பிலேயே அதிகம் அசையும் உடல்வாகைத் தரும் மரபணுக்கள் உள்ளவர்களுக்கு மனச்சோர்வும் குறைவாக இருக்கிறது என்று காட்டியது. ஆக, காரணம் இரண்டு பக்கமும் ஓடுகிறது. சோர்வு உடம்பை முடக்குகிறது, முடங்கிய உடம்பு சோர்வைக் கூட்டுகிறது. இந்தச் சுற்றை எந்த இடத்தில் வெட்டலாம் என்றால், நம் கைக்கு எட்டுவது உடம்பின் பக்கம்தான். சோதனைகளில் பலவற்றின் தரம் சுமார் என்று பிஎம்ஜே தொகுப்பை எழுதியவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். அதற்காக எல்லாவற்றையும் தள்ளிவிட முடியாது. எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் விடை ஒரே திசையைத்தான் காட்டுகிறது.

இப்போது நம் ஊர்ப் பெண்கள் சொல்லும், இதைவிடக் கனமான ஆட்சேபணைக்கு வருவோம். “காலையில நாலரைக்கு எந்திரிச்சு மாட்டுக்குத் தண்ணி காட்டி, சாணி அள்ளி, சோறாக்கி, துணி துவைச்சு, வேலைக்கும் போய்ட்டு வர்றவளுக்கு இன்னும் என்ன உடற்பயிற்சி?” இந்தக் கேள்வியில் இருக்கும் கோபம் நியாயமானது. பதிலைக் கொஞ்சம் நிதானமாகத்தான் சொல்ல வேண்டும். 2017-இல் 98 ஆய்வுகளைத் தொகுத்த ஒரு கட்டுரை, உடல் அசைவை இடம் பார்த்துப் பிரித்தது. ஓய்வு நேரத்தில் விருப்பப்பட்டுச் செய்வது, போக்குவரத்துக்காக நடப்பது, வீட்டு வேலை, பிழைப்புக்கான வேலை என்று நான்கு வகை. ஓய்வு நேர அசைவு மன நலத்தோடு நன்றாகச் சேர்ந்து வந்தது. வீட்டு வேலைக்கு அப்படி எந்தத் தொடர்பும் தென்படவில்லை. பிழைப்புக்காகச் செய்யும் கடும் உழைப்போ மன நலக் குறைவோடுதான் சேர்ந்து காணப்பட்டது. 12 லட்சம் அமெரிக்கர்களிடம் எடுத்து 2018-இல் வெளியான கணக்கில் வீட்டு வேலைக்கும் ஒரு சிறு பலன் தெரிந்தது, ஏறத்தாழ 10 சதவீதம். குழு விளையாட்டுக்கு அது 22 சதவீதம். எரியும் கலோரி ஒன்றுதான் கணக்கு என்றால் இந்த வித்தியாசம் வந்திருக்கக் கூடாது. தசைக்குத் தெரியாத ஒன்று இதில் இருக்கிறது. இந்த நேரத்தை யார் தீர்மானித்தார்கள், யாருக்காக, நிறுத்தலாம் என்று நினைத்தால் நிறுத்த முடியுமா, கூட யார் இருக்கிறார்கள் என்பதெல்லாம் மனதின் கணக்கில் ஏறுகிறது.

இடுக்கி மலைப் பக்கம் போனால் இது பச்சையாகவே தெரியும். மூணாறு, தேவிகுளம், பீருமேடு தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்களைவிட அதிகம் மேடு ஏறி இறங்குகிறவர்கள் இந்த மாநிலத்தில் குறைவு. முதுகில் கொழுந்துச் சுமை, காலடியில் வழுக்கும் சரிவு, மழைக்காலத்தில் அட்டைக்கடி. 2015 செப்டம்பரில் ‘பெண்பிள்ளை ஒற்றுமை’ என்று அவர்கள் மூணாறில் திரண்டு உட்கார்ந்தபோது கேட்டது 20 சதவீத போனசும் நாளொன்றுக்கு 500 ரூபாய் கூலியும். அவர்களிடம் போய், மன ஆரோக்கியத்துக்குத் தினமும் நடங்கள் என்று அறிவுரை சொல்வது அபத்தம். அந்தப் பெண்களுக்கு முதலில் வேண்டியது கூலி, இரண்டாவது முதுகைச் சாய்க்க நேரம். அதன் பிறகுதான் மற்றதெல்லாம். ஆனால் அவர்களின் மகள்களின் கதை வேறு. கோயம்புத்தூரிலோ பாலக்காட்டிலோ விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள், வகுப்பில் ஆறு மணி நேரம் உட்கார்ந்து, இரவில் கைபேசியோடு படுத்துக்கொள்கிறார்கள். தாயின் உடம்பு தேய்கிறது, மகளின் உடம்பு துருப்பிடிக்கிறது. இரண்டு பேருக்கும் ஒரே மருந்துச் சீட்டு எழுத முடியாது. இந்த அத்தியாயம் பெரும்பாலும் மகளுக்கு.

‘நாங்கள் எப்படியும் உழைத்துக்கொண்டுதானே இருக்கிறோம்’ என்ற எண்ணம் எண்ணிக்கையளவில்கூட இப்போது சரியாக இல்லை. 2024-இல் ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ வெளியிட்ட கணக்கின்படி 2022-இல் இந்தியப் பெண்களில் 57 சதவீதத்தினர் போதிய உடல் அசைவு இல்லாதவர்கள், ஆண்களில் 42 சதவீதம். அந்தக் கணக்கு வீட்டு வேலையையும் சேர்த்துக்கொண்டுதான் போடப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். மிக்ஸியும் கிரைண்டரும் குழாய்த் தண்ணீரும் ஸ்கூட்டியும் வந்த பிறகு வீட்டு வேலையின் நேரம் குறையவில்லை, அதில் உடம்புக்குக் கிடைத்த அசைவுதான் குறைந்தது. நின்ற இடத்தில் நிற்பதும் குனிந்த இடத்தில் குனிவதுமாக அது மாறிவிட்டது. களைப்பு உண்டு, மூச்சு வாங்குவது இல்லை. பள்ளி வயதில் நிலைமை இன்னும் மோசம். உலக அளவில் 11 முதல் 17 வயதுப் பெண் பிள்ளைகளில் 85 சதவீதத்தினர் தேவையான அளவு ஓடியாடுவதில்லை. நம் வீடுகளில் வயதுக்கு வந்ததோடு பாண்டியும் கண்ணாமூச்சியும் முடிந்துவிடுகின்றன. பையன்களுக்கு அந்த வயதில்தான் கிரிக்கெட்டே ஆரம்பிக்கிறது.

உடம்பின் அசைவு மனதை எப்படிப் போய்த் தொடுகிறது? எண்டார்பின் சுரக்கிறது, மகிழ்ச்சி பிறக்கிறது என்பது பத்திரிகைகள் பிடித்துவைத்திருக்கும் விளக்கம். ஆனால் ரத்தத்தில் ஊறும் எண்டார்பின் மூளைக்குள் எளிதாக நுழைவதில்லை. அதன் வேலையைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டு ஓடவிட்டபோதும் ஓடியவர்களுக்கு அந்த இதமான உணர்வு வந்ததை ஜெர்மனியில் நடந்த ஒரு சோதனை காட்டியது. உடம்பே தயாரிக்கும் எண்டோகன்னபினாய்டு என்ற வேறொரு கூட்டத்தின் மீது இப்போது ஆராய்ச்சியாளர்களின் கண் திரும்பியிருக்கிறது. எதுவானாலும் அந்த உற்சாகம் ஓரிரு மணி நேர விருந்தாளிதான். வாரக்கணக்கில் வேலை செய்பவை வேறு. ஒன்று தூக்கம். உடம்பு அலுத்துப் படுத்தால் ஆழ்ந்த தூக்கம் வருகிறது, நன்றாகத் தூங்கி எழுந்தவளுக்கு அடுத்த நாளின் எரிச்சல் பாதியாகிறது. இன்னொன்று, சொன்னதையும் கேட்டதையும் மனதுக்குள் போட்டு அரைத்துக்கொண்டே இருக்கும் பழக்கம் தடைபடுவது. இந்தப் பழக்கம் ஆண்களைவிடப் பெண்களிடம் கூடுதல் என்று உளவியலாளர்கள் கண்டிருக்கிறார்கள். மூச்சு வாங்க மேடு ஏறும்போது மாமியார் சொன்ன சொல்லை முழுசாக நினைவில் வைத்திருப்பது கடினம். மூன்றாவது பதற்றத்தோடு சம்பந்தப்பட்டது. திடீரென்று நெஞ்சு படபடத்தால் உயிர் போகப்போகிறதோ என்று பயப்படும் பெண், ஓடும்போதும் அதே படபடப்பு வந்து, நின்றதும் தானாக அடங்குவதை வாரத்தில் நாலு தடவை பார்க்கிறாள். படபடப்பு என்றால் ஆபத்து என்ற கணக்கை உடம்பு மெல்ல மறக்கிறது. போன மாதம் பத்து முறை உட்கார்ந்து எழ முடியாதவள் இந்த மாதம் இருபது முறை எழுகிறாள் என்பதும் சின்ன விஷயமில்லை. பரீட்சை, வேலை, வரன் என்று தன் கையில் இல்லாத முடிவுகளுக்காகக் காத்திருக்கும் வயதில், தன் முயற்சி நேராகப் பலன் கொடுக்கும் இடம் ஒன்றாவது கிடைக்கிறது.

செய்முறை என்று வந்தால், மனசு சரியானதும் தொடங்கலாம் என்று காத்திருப்பதுதான் முதல் தவறு. சோர்ந்திருக்கும்போது ஆசை முன்னால் வந்து செயல் பின்னால் வராது. செயல் முன்னால் போனால்தான் ஆசை பின்தொடரும். மனச்சோர்வுக்கான உளவியல் சிகிச்சையில் இந்த வரிசையை வைத்தே ஒரு முறை இருக்கிறது. அதனால் தொடங்கும் அளவு, மோசமான நாளிலும் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். பத்து நிமிடம் போதும். நடை என்றால், பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது, அதுதான் சரியான வேகம். வாரத்தில் இரண்டு நாள் தசைக்கு. முதுகு நிமிர்ந்த நாற்காலி ஒன்றின் முன் நின்று, கைகளை முன்னால் நீட்டி, பின்பக்கம் இருக்கையை லேசாகத் தொடும் வரை இறங்கி, உட்காராமல் எழ வேண்டும். முழங்கால் உள்பக்கம் சாயக் கூடாது. எட்டிலிருந்து பன்னிரண்டு முறை, கொஞ்சம் நின்று மறுபடி ஒரு சுற்று. சுவரில் உள்ளங்கை ஊன்றித் தண்டால். லிட்டர் பாட்டில் இரண்டில் தண்ணீர் நிரப்பித் தோளுக்கு மேல் தூக்குவது. கதவைச் சாத்திக்கொண்டு நைட்டியிலேயே செய்துவிடலாம், ஜிம்முக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. தசைப் பயிற்சி செய்தால் ஆண்பிள்ளை உடம்பாகிவிடும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை. அதற்கு வேண்டிய ஹார்மோன் பெண்ணுடம்பில் அந்த அளவுக்குக் கிடையாது.

இதைவிட நம் மண்ணுக்கு ஒட்டிய ஒன்று கும்மி. கொங்கு நாட்டில் வள்ளி கும்மி கடந்த சில ஆண்டுகளில் மறுபடி எழுந்து நிற்கிறது. அந்தக் கலையில் பெண்களைப் பயிற்றுவித்ததற்காகப் பேசப்பட்ட கோவை மாவட்டத்துப் பெரியவர் பத்ரப்பனுக்கு 2024-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. சித்தூரின் கிழக்கு எல்லையைத் தாண்டினால் கொங்கு நாடு, மேற்கே திரும்பினால் மலையாளப் பெண்கள் ஆடும் கைகொட்டிக்களி, இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இந்த ஊர்ப் பெண்ணுக்கு இரண்டுமே அந்நியம் இல்லை. கும்மியை உடற்பயிற்சிக் கண்ணோடு பார்த்தால் அதன் அமைப்பு வியப்பாக இருக்கும். முன்னால் ஓரடி, குனிந்து ஒரு தட்டு, நிமிர்ந்து திரும்பி மேலே ஒரு தட்டு, பக்கவாட்டில் நகர்வு. பாட்டின் வேகம் ஏற ஏறக் கால் வேகமும் ஏறுகிறது. நாற்பது நிமிடத்தில் தொடையும் இடுப்பும் தோளும் சேர்ந்து வேலை செய்துவிடுகின்றன. பாட்டை நினைவில் வைத்து, பக்கத்தில் நிற்பவளின் அடியோடு தன் அடியைச் சேர்க்க வேண்டியிருப்பதால் வீட்டுக் கவலையைக் கூடவே இழுத்துக்கொண்டு ஆட முடியாது. பிஎம்ஜே தொகுப்பில் நடனத்துக்குக் கிடைத்த பலன் மற்றவற்றைவிடப் பெரியதாகவே இருந்தது, சோதனைகளின் எண்ணிக்கை குறைவு என்றாலும். இன்னொரு லாபமும் உண்டு. கோயில் திடலில் இருபது பெண்கள் கும்மி பழகினால் திண்ணையிலிருந்து யாரும் கேள்வி கேட்பதில்லை.

கேள்வி கேட்கும் கண்களை இலேசாக எடுத்துக்கொள்ள முடியாது. தனியாகப் போகும் பெண்ணைப் பின்தொடரும் பைக், விளக்கில்லாத வாய்க்கால் பாதை, தெருநாய், இவையெல்லாம் நிஜம். துணிச்சலாக இரு என்று மட்டும் சொல்லி அனுப்புவது பொறுப்பில்லாத அறிவுரை. கூட்டம் சேர்வதுதான் இதற்கு நடைமுறை வழி, அது மனதுக்கும் நல்லது என்பதை மேலே பார்த்தோம். கேரளத்தில் அதற்கான அமைப்பு கையிலேயே இருக்கிறது. 1998-இல் தொடங்கிய குடும்பஸ்ரீ என்ற பெண்கள் அமைப்பின் அயல்கூட்டத்தில், அதாவது அக்கம்பக்கத்துக் குழுவில், வீட்டுக்கு ஒரு பெண்தான் உறுப்பினராக முடியும், பெரும்பாலும் அது அம்மாவோ மாமியாரோ. இளம்பெண்களுக்கு இடமில்லாத அந்தக் குறையைத் தீர்க்க 18 முதல் 40 வயதுக்காரர்களுக்கென்று 2021-இல் துணைக்குழுக்கள் தொடங்கப்பட்டன. கடன், தொழில் என்று பேசும் அந்தக் குழுவிலேயே வாரம் மூன்று நாள் சேர்ந்து நடப்பதையும் ஒரு தீர்மானமாகப் போடலாம். பள்ளி மைதானம் சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறு வரை பெண்களுக்கு என்று பஞ்சாயத்தில் எழுதிக் கேட்கலாம். மாணவிகளுக்கு 2010-இல் கேரளத்தில் தொடங்கிய மாணவர் போலீஸ் படையும் என்.சி.சி.யும் இருக்கின்றன. சீருடை போட்டுவிட்டால் ஓடும் பெண்ணை ஊர் வேறு கண்ணோடு பார்க்கிறது என்பது கொஞ்சம் சிரிக்க வைக்கும் உண்மை.

பாலக்காடு ஓட்டக்காரிகளின் மாவட்டம் என்பதால் இங்கே ஒரு தவறான பாடமும் சுலபமாகக் கிடைத்துவிடும். முண்டூர்க்காரி பி.யு. சித்ரா 2017-லும் 2019-லும் ஆசியத் தடகளப் போட்டியில் 1500 மீட்டரில் தங்கம் வாங்கினார். இடுக்கி மலையில் பிறந்து பாலக்காட்டில் ஓடி வளர்ந்த பிரீஜா ஸ்ரீதரன் 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டர் தங்கம் வென்றார். பெருமைதான். ஆனால் பதக்கத்துக்கான பயிற்சி ஒரு தொழில், மன நலத்துக்கான பயிற்சி வேறு காரியம். அந்த 12 லட்சம் பேர் கணக்கில் வாரத்துக்கு மூன்றிலிருந்து ஐந்து முறை, ஒவ்வொரு முறையும் முக்கால் மணி நேரம் அளவில் செய்தவர்களின் மன நிலைதான் மிக நன்றாக இருந்தது. மாதத்துக்கு 23 முறைக்கு மேலோ, ஒரே மூச்சில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேலோ போனவர்களிடம் பலன் குறைந்தது. தாங்க முடியாத அளவு பயிற்சியும் அரைவயிற்றுச் சாப்பாடும் சேர்ந்தால் மாதவிடாய் நின்றுபோவது, எலும்பு மெலிவது, மனம் சுருங்குவது என்று வரிசையாக வரும். விளையாட்டு மருத்துவர்கள் இதை ஒரு நோய்க்கூட்டமாகவே வகைப்படுத்தியிருக்கிறார்கள்.

அதனால்தான் எடை இயந்திரத்தை இந்த அத்தியாயத்துக்குள் கொண்டுவரவில்லை. கல்யாணத்துக்கு முன் ஐந்து கிலோ குறைக்க வேண்டும் என்று தொடங்கும் நடை, முள் நகராத இரண்டாவது வாரத்தில் நின்றுவிடும். நின்றதோடு, என்னால் இதுவும் முடியவில்லை என்ற புதுப் பாரத்தையும் ஏற்றிவிட்டுப் போகும். மனதுக்காகச் செய்கிறவள் அளக்க வேண்டியது வேறு. காலண்டர் தாளில் அன்றைய தூக்கத்துக்கும் அன்றைய எரிச்சலுக்கும் பத்துக்கு எத்தனை என்று இரண்டு எண்களைக் குறித்து வந்தால் போதும். நான்கு வாரம் கழித்துப் பார்த்தால் திசை தெரியும்.

உடம்பைப் பற்றிச் சில வார்த்தைகள். எப்போதும் அசதி, படி ஏறினால் தலைசுற்றல், வெளிறிய உதடு என்றால் பயிற்சிக்கு முன் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019–21 கணக்கில் கேரளத்திலேயே 15 முதல் 49 வயதுப் பெண்களில் 36 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. இரும்புச்சத்து இல்லாத உடம்பை ஓடச் சொல்வது கொடுமை. மனச்சோர்வு என்று நினைத்துக்கொண்டிருப்பதில் ஒரு பகுதி அந்த ரத்தக் குறைவாகவும் இருக்கலாம். மாதவிலக்கு நாட்களில் அசையவே கூடாது என்பது பழைய கட்டுப்பாடு. வாரத்துக்கு மூன்று நாள் முக்கால் மணி நேரப் பயிற்சி அந்த வலியைக் கணிசமாகக் குறைக்கலாம் என்று 2019-இல் வந்த காக்ரேன் மதிப்பாய்வு சொல்கிறது. வலி அதிகமான நாளில் ஓய்வெடுத்துக்கொள்ளலாம், அதில் தவறில்லை. பிரசவமானவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு நடையிலிருந்து தொடங்கட்டும். வெயில் இந்த ஊருக்கே உரிய தொல்லை. 2024 ஏப்ரலில் பாலக்காட்டில் வானிலைத் துறை வெப்ப அலையை அறிவித்தது. பங்குனி, சித்திரையில் காலை ஏழு மணிக்குள் முடிக்க வேண்டும், இல்லையேல் வீட்டுக்குள். ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று தள்ளும் நாட்களில் எதிர்க்காற்றில் போய்க் காற்றோடு திரும்பினால் களைப்புத் தெரியாது.

எல்லாவற்றையும் நடந்தே சரிசெய்துவிடலாம் என்றும் யாரும் புரிந்துகொள்ளக் கூடாது. குடித்துவிட்டு அடிக்கும் கணவன், படிப்பை நிறுத்திய வீடு, கடன் தவணை இவற்றை எந்த நடையும் தீர்க்காது. அடிபடும் பெண்ணுக்கு வேண்டியது பாதுகாப்பும் சட்டமும். மனச்சோர்வு என்ற நோய்க்கும் உடற்பயிற்சி மருத்துவத்தின் துணை, மாற்று அன்று. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு, அழுகை அடங்காமல் இருந்தால் பக்கத்துக் குடும்ப ஆரோக்கிய மையத்துக்குப் போய்ச் சொல்ல வேண்டும். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நடக்க ஆரம்பித்துவிட்டோம் என்று தாங்களாக நிறுத்தக் கூடாது. செத்துவிடலாம் என்ற நினைப்பு ஒரு தடவை வந்தாலும் அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள். 14416 என்ற டெலி மனஸ் எண் இரவிலும் எடுக்கும், தமிழிலேயே பேசலாம். கேரள அரசின் ‘திசா’ எண் 1056.

கடைசித் தடை நேரம். அது பெண்ணின் சோம்பேறித்தனத்தால் வந்ததன்று. 2024-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வில், சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபட்ட பெண்கள் ஒரு நாளைக்கு அதற்குச் செலவிட்டது 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம். இடைவெளி மூன்று மணி நேரத்துக்கும் மேல். இளம்பெண் இன்னும் அரை மணி முன்னால் எழ வேண்டும் என்று சொல்லும் வழிகாட்டிகள் அந்த அரை மணியை அவளுடைய தூக்கத்திலிருந்துதான் பிடுங்குகின்றன. தூக்கத்தை விற்று வாங்கும் உடற்பயிற்சி மனதுக்கு நஷ்டக் கணக்கு. அந்த நேரம் அந்த மூன்று மணி இடைவெளியிலிருந்து வர வேண்டும். ஆகவே இந்தப் பக்கத்தை அப்பாக்களும் அண்ணன்களும் கணவன்மார்களும் மாமியார்களும் படிக்க நேர்ந்தால் அவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம், அடுப்பையும் குழந்தையையும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அவள் எங்கே போய்விட்டு வந்தாள் என்று கேட்காதீர்கள்.